முன் வரிசையில் ஒரு டாடி

பிப்ரவரி 2, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்து மீன் கழுவிக்கொண்டிருந்தபோது தௌபிக் போன் செய்தான். ஏழு வருடம் பேசாதவன் திடீரென்று கூப்பிட்டால் ஒன்று கல்யாணம், இல்லை சாவு. இரண்டும் இல்லையாம். ஏப்ரல் ஐந்தாம் தேதி வேப்பேரியில் ஒரு ஹால் எடுத்திருக்கிறானாம். 'இமோ மாலை' என்று பெயராம். எண்பதுகளில் அமெரிக்காவில் இமோ என்கிற ராக் இசை பிறந்ததிலிருந்து இன்று லேப்டாப்பை வைத்துக்கொண்டு அழுகிறவர்கள் வரைக்கும் வரிசையாக வாசித்துக் காட்ட வேண்டுமாம். அதற்காக எங்கள் பழைய பேண்ட் 'ஞாயிறு மத்தியானம்' மறுபடி கூட வேண்டுமாம். அவன் டிரம்ஸ், நான் கிட்டார்.

"பாடறது யாரு?" என்றேன்.

"கேக்குற பாரு. கிளமென்ட்தான். அவன் பேருக்குத்தான, ரெஜி, கூட்டமே வரும்."

முடியாது என்று சொல்லி வைத்துவிட்டேன். குழம்பில் உப்பு போட்டேனா இல்லையா என்று தெரியாமல் இரண்டாவது தடவை போட்டுவிட்டேன். அம்மா தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிட்டாள்.

பிப்ரவரி 3, திங்கள்

ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தேன். வரிசையில் நின்ற ஒரு பெண்ணின் போன் அடித்தது. ரிங்டோன் என் பாட்டு. கிளமென்ட்டின் குரலில்.

அந்தக் கதையை இங்கே ஒருமுறை எழுதிவிடுகிறேன். டாடி கடைசியாகப் படுத்திருந்த வார்டில் கடிகாரம் கிடையாது. கண் விழிக்கும்போதெல்லாம் "மணி என்னம்மா?" என்று கேட்பார். நான் சொல்வேன். 2016 அக்டோபர் பதினான்கில் போய்விட்டார். அந்த மாதமே 'மணி என்ன' எழுதினேன். சொல்லும் என்னுடையது, மெட்டும் என்னுடையது. அப்போது எங்கள் பேண்டுக்கு ஸ்க்ரீமோ பைத்தியம். ஒன்றரை நிமிடத்துக்குள் ஒரு பாட்டு, தொண்டை கிழியக் கத்தல், ஒரு வார்த்தை புரியாது. கிளமென்ட் கத்தினான். புரியாமலிருந்ததுதான் எனக்கு அன்று சௌகரியம். டாடியைப் பற்றிப் பத்து பேர் முன்னால் சொன்ன மாதிரியும் ஆயிற்று, சொல்லாத மாதிரியும் ஆயிற்று.

பேண்ட் உடைந்த பிறகு அவன் அதைத் தனியாக எடுத்துக்கொண்டுபோய், மெதுவாக்கி, லேப்டாப் தாளம் போட்டு, மூக்கால் முனகி, இமோ ராப் என்று வெளியிட்டான். ஊரே கேட்டது. பேட்டியில், "எங்க டாடி போனப்புறம் எழுதினது" என்றான். ஒவ்வொரு அக்டோபர் பதினான்கும் மெழுகுவத்தி படம் போடுகிறான். லட்சம் பேர் அவனுக்கு ஆறுதல் சொல்கிறார்கள். அவனுடைய டாடி ஆரோக்கியசாமி அயனாவரத்தில் குத்துக்கல் மாதிரி உயிரோடு இருக்கிறார். ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பார்கள். இவன் ஊரார் வீட்டு இழவையே எடுத்துக்கொண்டான்.

சாயங்காலம் தௌபிக்கைக் கூப்பிட்டு, வாசிக்கிறேன் என்று சொன்னேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பெரம்பூர் ஜாம் ரூமில் முதல் ஒத்திகை. கிளமென்ட் வந்தான். முடியில் பாதி வெள்ளி நிறம், நகத்தில் கறுப்புச் சாயம், முப்பத்தைந்து வயது. "ரெஜி!" என்று கட்டிப்பிடித்தான். மரம் மாதிரி நின்றேன்.

முதலில் எண்பதுகளின் வாஷிங்டன். அடிதடியும் ஆவேசமுமாக ஹார்ட்கோர் என்ற வேக ராக் வாசித்துக்கொண்டிருந்த பையன்கள் சிலர் சலித்துப்போய், தங்கள் மனசைப் பற்றிப் பாட ஆரம்பித்தார்கள். மற்றவர்கள் கேலி செய்து வைத்த பெயர்தான் இமோ, 'எமோஷனல்' என்பதன் சுருக்கம். வாசித்தவர்களில் ஒருத்தனுக்கும் அந்தப் பெயர் பிடிக்கவில்லை. அப்படிப் பிறந்த இசை இது, வசவிலிருந்து. எனக்கு எப்போதுமே இந்தக் கட்டம் பிடிக்கும். கோபமும் அழுகையும் இன்னும் பிரியாமல் ஒன்றாகக் கிடக்கும்.

இடைவேளையில் டீக்கடையில் நேராகவே கேட்டேன். "அந்தப் பாட்டுல என் பேரப் போடு. யாரோட டாடின்னும் சொல்லிடு."

சிரித்தான். "ரெஜி, அது யூனிவர்சல். எல்லாருக்கும் டாடி இருக்காரு, எல்லாருக்கும் சாவு இருக்கு. பாட்டு வெளிய வந்துட்டா அது யாருதும் இல்ல."

"அப்ப உன் பேரு மட்டும் எதுக்கு இருக்கு?"

"ஆரம்பிச்சிட்டியா?" என்றான். தௌபிக் சமோசாவையே பார்த்துக்கொண்டிருந்தான். இவனை வைத்துச் செய்யவில்லை என்றால் நான் லாரன்ஸ் மகள் இல்லை.

பிப்ரவரி 15, சனி

அயனாவரம் மார்க்கெட்டில் முருங்கைக்காயை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார் ஆரோக்கியசாமி. நான் பார்த்தேன், அவரும் பார்த்துவிட்டார்.

"நீ கிளமென்ட் கூட கிட்டார் வாசிச்ச பொண்ணுல்ல? ரெஜினா! இளைச்சிட்டியேம்மா."

நல்லா இருக்கேன் அங்கிள் என்றேன். பையன் எப்படி இருக்கிறான் என்று என்னிடம் கேட்டார். என்னிடம்! நான்கு வருடமாக அவன் வீட்டுப் பக்கமே வரவில்லையாம். போன் நம்பரையும் மாற்றிவிட்டானாம். அவன் பாட்டெல்லாம் கேட்கிறீர்களா என்றேன். "எனக்கு இந்த போன்ல பேசத்தான் தெரியும்" என்றார்.

முருங்கைக்காயோடு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு யோசனை வந்தது. இந்த மனிதரை ஏப்ரல் ஐந்தாம் தேதி ஹாலில் முன் வரிசையில் உட்கார வைக்க வேண்டும். செத்த டாடிக்காக அவன் கண்ணைக் கசக்கும்போது எதிரே உயிரோடு டாடி உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். நான் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. ஒரு நிறுத்தம் தள்ளிப்போய் இறங்கினேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

அங்கிள் வீட்டுக்குப் போனேன். காரியத்துக்காகத்தான். ஆன்ட்டி போய்ப் பத்து வருடமாகிறது. தனியாகச் சமைத்துக்கொள்கிறார், ரசம் பிரமாதம். சண்டை என்னவென்று கேட்டேன்.

"தங்கச்சி வீட்டு விசேஷம்மா. கண்ணுல மை, நகத்துல பாலிஷு, நெத்திய மறைச்சு முடி. சொந்தக்காரன் எல்லாம் பாத்துச் சிரிக்கிறான். எனக்கு வாய் சும்மா இருக்கல. பொட்டச்சி மாதிரி நிக்கிறியே, நீ எனக்குப் பொறந்தவனே இல்லடான்னு பந்தியில வெச்சு சொல்லிட்டேன். இலையில கைய வெச்சவன் எழுந்து போனான்."

தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மைதான? வெச்சிருந்தா வெச்சிட்டுப் போறான்."

அந்த மை இமோவின் மூன்றாவது காலம். இரண்டாயிரங்களில் டிவிக்கு வந்து, காசு பார்த்து, உடுப்பாகவும் மேக்கப்பாகவும் மாறிய காலம். சென்னை வெயிலில் முடியை அயர்ன் செய்துகொண்டு காலேஜ் கல்ச்சுரல்ஸில் நின்றோம். கிளமென்ட்டுக்கு முதன்முதலில் மை இழுத்துவிட்டவள் நான்தான். அதை அங்கிளிடம் சொல்லவில்லை. அவசியமுமில்லை.

மார்ச் 1, சனி

கேஸ் சிலிண்டர் வந்தது. அம்மாவுக்கு மூட்டுவலித் தைலம். கிட்டாருக்குப் புதுக் கம்பி மாற்றினேன், விரல் நுனி கிழிந்தது.

மார்ச் 9, ஞாயிறு

என் திட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. பட்டியலில் 'மணி என்ன' கடைசி. அதைப் பழைய ஸ்க்ரீமோவாகக் கத்தினால் அங்கிளுக்கு ஒரு மண்ணும் புரியாது. அவனுடைய முனகல் ராப்பாகப் பாடினாலும் புரியாது. அவருக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்க வேண்டும்.

ஆகவே இன்று ஒத்திகையில் பெரிய அறிவாளி மாதிரி பேசினேன். "எண்பதுல ஆரம்பிக்கிறோம், தொண்ணூறு, ஸ்க்ரீமோ, மேக்கப்பு, ராப்பு. அப்புறம்? இப்ப உலகம் பூரா பசங்க தொண்ணூறுக்குத்தான் திரும்பிப் போறாங்க. முடிவும் அங்கதான இருக்கணும்? 'மணி என்ன'வ மிட்வெஸ்ட் மாதிரி பண்ணலாம். கத்தல் வேணாம், லேப்டாப் வேணாம். வெறும் குரல்."

மிட்வெஸ்ட் என்றால் அமெரிக்காவின் நடுப்பகுதி ஊர்கள். ஒன்றும் நடக்காத ஊர்கள். அங்கத்துப் பையன்கள் கிட்டார் கம்பிகளை வழக்கத்துக்கு மாறாகச் சுருதி சேர்த்து, ஒவ்வொரு கம்பியாகக் கிள்ளி, மழை விட்டபின் ஓட்டிலிருந்து சொட்டுகிற மாதிரி வாசித்தார்கள். மேலே பேசுகிற மாதிரி ஒரு குரல். ஒளிந்துகொள்ள இடமில்லாத இசை அது.

வாசித்துக் காட்டினேன். தௌபிக் கண்ணை மூடிக்கொண்டான். கிளமென்ட் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "செம ரெஜி. ஹாலே அழுதுடும்" என்றான்.

அழும், அழும். இரு.

மார்ச் 16, ஞாயிறு

ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம் என்பதால் அங்கிள் வீட்டில் கறி இல்லை. கத்தரிக்காய்க் கொத்சு. என் கைப்பையின் அறுந்த வாரை வாங்கித் தைத்துக் கொடுத்தார். டாடியைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். வார்டு, கடிகாரம், தேதி, எல்லாம். இதையெல்லாம் நான் யாரிடமும் சொல்வதில்லை. எப்படியோ பேச்சு போய்விட்டது.

"மணி கேட்டாரா? அது மணி கேக்குறது இல்லம்மா. நீ பக்கத்துல இருக்கியான்னு பாக்குறது" என்றார். கை கழுவுகிற சாக்கில் எழுந்து போனேன்.

பிறகு வந்த வேலையைப் பார்த்தேன். கிளமென்ட் பாடுகிறான், ஏப்ரல் ஐந்து, நீங்கள் வர வேண்டும் என்றேன்.

"அவனே கூப்பிட்டானா?"

"ஆமா அங்கிள். நேர்ல கூப்பிட வெக்கமா இருக்காம். அதான் என்னை அனுப்பினான்."

அவர் முகத்தைப் பார்த்தேன். சரி, ஒரு பொய். அவன் சொன்ன பொய்க்கு முன்னால் இது எம்மாத்திரம்.

மார்ச் 20, வியாழன்

அந்த மாதிரி கச்சேரிக்கு என்ன கலர் சட்டை போட வேண்டும் என்று அங்கிள் போனில் கேட்டார். கறுப்பு என்றேன். கறுப்புச் சட்டை இல்லையாம், வாங்கிவிடுகிறாராம்.

மார்ச் 30, ஞாயிறு

கடைசி ஒத்திகை. தௌபிக் கிளம்பிய பிறகு வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். கிளமென்ட் கேட்டான், "உங்க அம்மா எப்படி இருக்காங்க?" நன்றாக இருக்கிறாள் என்றேன். "உங்க டாடி எனக்கு முட்டை பப்ஸ் வாங்கித் தருவாரு, ஞாபகம் இருக்கா?" என்றான்.

"அவர வெச்சுத்தான பொழைக்கிற."

வயரைக் கீழே போட்டான். "ரெஜி, பொய்யா ஆரம்பிக்கல. பேட்டியில 'டாடி போனப்புறம்'னு வாய் தவறி வந்துடுச்சு. அதுக்கப்புறம் அழிக்க முடியல. எனக்கு அவரு செத்தவருதான். எனக்குப் பொறக்கலன்னு சொன்ன ஆளு. ஒரு தடவ, ஒரே தடவ, தப்பா சொல்லிட்டேன்டான்னு சொல்லியிருந்தா நான் போயிருப்பேன்."

சொல்லியிருக்கலாம். உங்க டாடி அதைத்தான்டா தட்டைப் பார்த்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று. ஏன் சொல்ல வேண்டும்? சமாதானத் தூது போவதா என் வேலை? என் டாடிக்கு அவன் என்ன நியாயம் செய்தான்? வயரைச் சுருட்டிப் பெட்டியில் வைத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 5, சனி

இன்றைக்கு. காலையிலிருந்து சோறு இறங்கவில்லை. சந்தோஷம்தான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான்கு மணிக்கு அங்கிளை ஆட்டோவில் அழைத்துப்போனேன். புதுக் கறுப்புச் சட்டை, மடிப்புக் கலையாமல். தலைக்கு மை அடித்திருந்தார். மகன் மை வைத்ததற்குத் திட்டியவர்! பையில் அவனுக்கு அதிரசம் கொண்டுவந்திருந்தார். முன் வரிசையில் நடு நாற்காலி. பக்கத்தில் ஒரு காலேஜ் பெண். மேடை விளக்கு கண்ணில் அடிக்கும் என்பதால் கடைசிப் பாட்டுவரை கிளமென்ட்டுக்கு ஆள் தெரியாது. அதையும் நான் யோசித்துத்தான் வைத்திருந்தேன்.

ஐந்தரைக்கு ஆரம்பித்தோம். வாஷிங்டனுக்குப் பின்வரிசைப் பையன்கள் குதித்தார்கள். ஸ்க்ரீமோவுக்கு அங்கிள் காதைப் பொத்திக்கொண்டார், ஆனால் சிரித்துக்கொண்டே. இரண்டாயிரத்து ஐந்தின் கோரஸ்களை எல்லோரும் கூடவே பாடினார்கள். கடைசியாகக் கிளமென்ட் மைக்கைப் பிடித்தான். "அடுத்தது எங்க டாடிக்கு. மேலேர்ந்து பாத்துட்டு இருப்பாரு."

மேடை விளக்குகளும் ஹால் விளக்குகளும் அணைந்தன. எல்லோரும் போன் வெளிச்சத்தை உயர்த்தினார்கள். 'மேலே' என்றதற்கு அங்கிள் மாடி வரிசையைத் திரும்பிப் பார்த்தார், பிறகு தன்னைச் சுற்றிப் பார்த்தார். தானும் போனை எடுத்தார், டார்ச் போடத் தெரியவில்லை. பக்கத்துப் பெண் போட்டுக் கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே அவர் காதில் என்னவோ சொன்னாள். "பாவம் அங்கிள், பாடறவரோட அப்பா செத்துட்டாரு" என்பதைத் தவிர வேறு என்ன சொல்லியிருப்பாள்?

அந்த டார்ச் வெளிச்சம் அவர் முகத்திலேயே விழுந்தது. கிளமென்ட் பார்த்துவிட்டான்.

நான் கிட்டாரைத் தொடங்கியிருந்தேன். அவன் பாட வேண்டிய இடம் வந்தது, போனது. மறுபடி சுற்றினேன். மறுபடியும் போனது. நிறுத்தவில்லை நான். ஓட இடம் கிடையாது மகனே, பாடு. நாலாவது சுற்றில் பாடினான். அவன் குரலில் ஒரு சாயமும் இல்லை.

வார்டில் கடிகாரம் இல்லை, நீ கேட்டாய், நான் சொன்னேன், இனி யாருக்கு மணி சொல்வேன். என் சொற்கள். இவ்வளவு வருடத்தில் நானே அவற்றை இப்படித் தெளிவாகக் கேட்டதில்லை. இரண்டாவது சரணத்தில் அவன் முதுகைக் காட்டிக்கொண்டு கத்த ஆரம்பித்தான், பழைய ஸ்க்ரீமோ மாதிரி. அதற்குள் கேட்க வேண்டியவர் கேட்டாயிற்று. அங்கிள் டார்ச்சை இறக்கவே இல்லை. பாட்டு முடிந்ததும் மற்றவர்களோடு சேர்ந்து கை தட்டினார். கிளமென்ட் பின்வாசல் வழியாக ஓடிப்போனான்.

நான் நினைத்தது நினைத்தபடி நடந்தது. அணு பிசகவில்லை.

திரும்பும்போது ஆட்டோவில் ஓட்டேரி தாண்டினோம். அங்கிள் கேட்டார்.

"நான் எப்பம்மா செத்தேனாம்?"

"அக்டோபர் பதினாலு, அங்கிள்."

"அது உங்க டாடி தேதியாச்சே."

"ஆமா."

"அப்ப பாட்டும் உன்னுதுதான்."

"ஆமா."

சிக்னலில் நின்றோம். அதிரசப் பை அவர் மடியில் இருந்தது.

"அவன் என்னக் கூப்பிடல."

"இல்ல அங்கிள்."

தலையாட்டினார். "பாட்டு நல்லா இருந்துச்சும்மா" என்றார். பிறகு டிரைவரின் தோளைத் தட்டி ஓரமாக நிறுத்தச் சொன்னார். "நீ இங்க எறங்கிக்க. உங்க வீடு கிட்டதான? நான் போய்க்கிறேன்."

கிட்ட இல்லை. இறங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 9, புதன்

கிளமென்ட் எழுதிப் போட்டுவிட்டான். பாட்டின் சொல்லும் மெட்டும் ரெஜினா லாரன்ஸ், அது அவளுடைய அப்பாவைப் பற்றியது, என் அப்பா உயிரோடு இருக்கிறார், நான் சொன்னது பொய். இவ்வளவுதான். கீழே ஜனங்கள் அவனைக் கிழித்துத் தோரணம் கட்டியிருக்கிறார்கள். பிணந்தின்னி என்று ஒருவன். பெங்களூர் கச்சேரியை நிறுத்திவிட்டார்களாம். ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுத்துக்கொண்டே அத்தனையையும் படித்தேன். டோக்கன் மாறிப்போய் இரண்டு பேர் சண்டை போட்டார்கள்.

தௌபிக் கூப்பிட்டு, "இப்ப சந்தோஷமா?" என்றான். "ரொம்ப" என்றேன்.

அங்கிளுக்கு நான்கு தடவை போன் செய்தேன். வேலையாக இருப்பார்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

பவனி முடிந்து, அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு அயனாவரம் போனேன். வாசலில் கறுப்பு பூட்ஸ் கிடந்தது, கயிறு அவிழ்ந்தபடி. உள்ளே மீன் வறுக்கிற வாசனை. அங்கிள் வந்தார். கிரில் கதவைத் திறக்கவில்லை.

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் அங்கிள்."

"கிளமென்ட் வந்திருக்கான். சாப்புட்டுட்டு இருக்கான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஊரெல்லாம் உங்களச் செத்துட்டீங்கன்னு சொன்னவன் அங்கிள்! அவனுக்கு மீன் வறுத்துப் போடுறீங்க?"

அவர் குரலை உயர்த்தவில்லை. "நான் இல்லாத எடத்துல அவன் என்னச் சாவடிச்சான்மா. ஏன்னு எனக்குத் தெரியும், நான் பேசின பேச்சு அப்படி. நீ என் வீட்ல சாப்புட்டுட்டு, புதுச் சட்டை வாங்க வெச்சு, முன் வரிசையில ஒக்கார வெச்சுக் காட்டின. அவனே கூப்பிட்டான்னு சொன்ன பாரு, அன்னிக்கு ராத்திரி பூரா நான் தூங்கல. சந்தோஷத்துல."

நான் கிரில் கம்பியிலிருந்து கையை எடுத்தேன். 

உள்ளேயிருந்து குரல் வந்தது. "யாரு டாடி?"

அங்கிள் என்னைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். "யாரோ அட்ரஸ் கேக்குறாங்கப்பா. நீ சாப்புடு."

உள்கதவைச் சாத்திக்கொண்டு போனார். கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு மார்க்கெட்டில் தக்காளி வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் ஏன் இவ்வளவு நேரம் என்று அம்மா கேட்டாள், பஸ் வரவில்லை என்றேன். துணி துவைத்துக் காயப்போட்டேன். பாட்டில் இப்போது என் பெயர் இருக்கிறது. சாயங்காலம் எடுத்துப் பார்த்தேன். இருக்கிறது. மறுபடியும் பார்த்தேன்.